உடற்பயிற்சி ஏன் அலுக்கிறது? விளையாட்டு ஏன் அலுப்பதில்லை?

டிசம்பர் 31-ஆம் தேதி இரவு. திருவொற்றியூரில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் புதிய நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுகிறான்: “நாளை முதல் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவேன்.” முதல் நாள் எழுந்து ஓடுகிறான். இரண்டாம் நாள் கால் வலிக்கிறது; ஆனாலும் ஓடுகிறான். ஐந்தாம் நாள் மணி அடித்ததும் கடிகாரத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். பொங்கல் வருவதற்குள் தீர்மானம் மறந்தே போகிறது.

அதே மாணவனை மாலையில் பாருங்கள். தெருவில் நண்பர்களோடு பந்து உதைத்துக்கொண்டிருக்கிறான். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெரு விளக்கு எரிந்து வெகு நேரமாகியும் வீட்டுக்கு வர மனமில்லை. அம்மா மூன்று முறை குரல் கொடுத்துவிட்டார். “இதோ வந்துட்டேம்மா, கடைசி கோல்!” என்று பதில் வருகிறது. அந்தக் கடைசி கோல் விழ இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

காலையில் ஓட மறுத்த அதே கால்கள்தாம் மாலையில் இரண்டு மணி நேரம் ஓடுகின்றன. இதயமும் நுரையீரலும் அவையேதான். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடுவோம். விடையில் ஒரு பாதி நம் உடலில் இருக்கிறது. மறு பாதி மனத்தில் இருக்கிறது. அதற்கு முன் துறைமுகம் வரை ஒரு நடை போய் வருவோம்.

மூட்டை சொல்லும் பாடம்

“எங்க காலத்துல எக்சர்சைசு எல்லாம் ஏதுடா? மூட்டைதான் எக்சர்சைசு!” என்று பேரனிடம் சொல்லும் தாத்தாக்கள் ராயபுரத்தில் இன்றும் உண்டு. கப்பலில் வந்த சரக்கை முதுகிலும் தோளிலும் சுமந்து இறக்கிய காலத்தை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். 1983-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மூட்டைகளை அடக்கிய ஓர் இரும்புப் பெட்டியைப் பாரந்தூக்கி ஒரே வீச்சில் தூக்கி லாரியின் மேல் வைத்துவிடுகிறது. மனிதத் தோள் செய்த வேலையை இன்று பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது.

இது நல்லதா, கெட்டதா? மூட்டைச் சுமை முதுகை வளைத்தது. விபத்துகளில் பலருடைய கைகால்கள் போயின. ஆகவே அந்தச் சுமை குறைந்ததற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் சுமையோடு சேர்ந்து வேறொன்றும் குறைந்துவிட்டது. அதை முதலில் எண்ணிக்கையால் காட்டியவர்களில் மருத்துவ விஞ்ஞானிகள் இருவர் முக்கியமானவர்கள்.

முதலாமவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெரி மாரிஸ். லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவரும் ஒரே ஊர், ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே ஊதியம். இவர்களை ஒப்பிட்டு மாரிஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நடத்துநர்களிடம் மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது தெரியவந்தது. ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு விடை கிடைத்தவுடன் அதையே சந்தேகிக்கவும் வேண்டும். பருமனானவர்களே ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்திருந்தால்? மாரிஸ் தாமே ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்து ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. ஆகவே படிகள் மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட இயலவில்லை. மேலும் ஆய்வுகள் தேவைப்பட்டன.

இரண்டாமவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரால்ப் பாஃபன்பர்கர். இவர் ஆராய்ந்தது துறைமுகத் தொழிலாளர்களை! சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் வேலை செய்த 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1975-இல் முடிவை வெளியிட்டார். கடினமாகச் சரக்குக் கையாண்டவர்களிடம் மாரடைப்பால் நேர்ந்த மரண விகிதம், இலேசான வேலை செய்தவர்களுடையதில் ஏறக்குறையப் பாதியளவே இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. அவ்வப்போது மூச்சு வாங்கும் அளவுக்கு உழைப்பதே இதயத்துக்கு அரணாகிறது என்று அவர் கருதினார்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். மூட்டை தூக்கியவருக்கு உற்சாகம் குன்றினாலும் வேலை நிற்கவில்லை. தூக்காவிட்டால் கூலி இல்லை, அவ்வளவுதான். அவருடைய பேரனுக்கோ பேத்திக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. உடல் கேட்கும் உழைப்பை இனி அவர்கள் தாமாக விரும்பித்தான் கொடுக்க வேண்டும். இப்பிரச்சினை வடசென்னைக்கு மட்டும் உரியதன்று. 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவ மாணவியரைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து 2019-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வின்படி, நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை. பெண்களில் இது நூற்றுக்கு 85, ஆண்களில் 78. போதிய அளவு என்பது எவ்வளவு? உங்கள் வயதினருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் என்று அந்நிறுவனம் கூறுகிறது. வாரத்தில் மூன்று நாளாவது நன்றாக மூச்சு வாங்க வேண்டும். தசையும் எலும்பும் வலுப்பெறும் பயிற்சியும் அதில் இருக்க வேண்டும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்திற்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லி லிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர். நம் உடலில் உள்ள இரத்தம் முழுவதும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது என்று பொருள். வேகமாக ஓடும்போது தசைகளுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை. உடனே இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடித்து நிமிடத்திற்கு 20 லிட்டர் வரை இறைக்கிறது. ஓய்வின்போது இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பெற்றுக்கொண்டிருந்த தசைகள் இப்போது ஐந்தில் நான்கு பங்கு வரை பெறுகின்றன.

இதயமும் ஒரு தசைதான். பழகப் பழக அது வலுப்பெறுகிறது. ஒரே துடிப்பில் முன்னைவிட அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால் ஓய்வு நேரத்தில் குறைந்த துடிப்புகளே போதும். நிமிடத்திற்கு 80 துடிப்பு என்பது 70 ஆகக் குறைந்தால் ஒரு மணிக்கு 600 துடிப்பு மிச்சம். ஒரு நாளைக்கு 14,400 துடிப்பு மிச்சம்!

தசைகளிலும் மாற்றம் நிகழ்கிறது. தசைச் செல்களுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. உணவுப் பொருளை ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றலாக மாற்றும் கொதிகலன்கள் இவை என்று சொல்லலாம். தொடர்ந்த பயிற்சியால் இவை பெருகுகின்றன. தசைகளைச் சூழ்ந்துள்ள நுண் இரத்தக் குழாய்களும் புதிதாகக் கிளைக்கின்றன. எலும்புகளின் வலுவோ குதிப்பதாலும் தாவுவதாலும் கூடுகிறது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் நம்பியிருக்கும் எலும்பு வலுவில் பெரும் பங்கு சுமார் 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. சேமிப்புக் கணக்கில் பணம் போடும் வயது உங்களுடையது!

இரண்டாவது வாரத்தின் தொல்லை

இவ்வளவு நன்மைகள் இருந்தும் நம் மாணவன் ஐந்தாம் நாளே ஏன் நிறுத்தினான்? இதற்கு உடல் தரும் விடை எளியது. பயிற்சியின் செலவு முதல் நாளே வந்துவிடுகிறது. வரவு சில வாரங்கள் கழித்தே வருகிறது.

பழக்கமில்லாத வேலை செய்தால் தசை நார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சீராக்கும்போது வீக்கமும் வலியும் தோன்றுகின்றன. இவ்வலி அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் உச்சமடைந்து பின்பு தானாகத் தணிகிறது. இதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று முன்பு கூறினர். அது சரியன்று, அந்த லாக்டேட் சுமார் ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. சீரான தசை முன்னைவிட உறுதியாகிறது. அதே ஓட்டம் மறுமுறை அவ்வளவு வலிப்பதில்லை. ஆனால் இதயத் துடிப்பு இறங்குவதும் மூச்சு இலேசாவதும் நமக்கே தெரிய வேண்டுமானால் சில வாரங்கள் ஆகும். இரண்டாவது வாரத்தில் நிறுத்துபவர், நாற்று நட்டுவிட்டுக் கதிர் வரும் முன்பே வயலை விட்டுப் போகிறவரைப் போன்றவர்.

ஆகவே முதல் சில வாரங்களைத் தாண்ட வைப்பது எது என்பதே கேள்வி. “மன உறுதி வேண்டும்” என்று பெரியவர்கள் கூறுவார்கள். மன உறுதி நல்லதே. ஆனால் பந்து உதைக்கும் சிறுவனுக்கு மன உறுதி தேவைப்படவில்லையே!

பரிசும் தண்டனையும்

1971-ஆம் ஆண்டு எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியல் விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். மரத்துண்டுகளைப் பலவிதமாக அடுக்கி உருவம் செய்யும் ஒரு புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார். எல்லோரும் விருப்பத்தோடு செய்தனர். பிறகு ஒரு குழுவினருக்கு மட்டும், ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு டாலர் கொடுத்தார். மூன்றாம் முறை காசு கொடுப்பதை நிறுத்திவிட்டார். இடையே சிறிது நேரம் மாணவர்களைத் தனியே விட்டுவிட்டு, அவர்கள் விரும்பியதைச் செய்யலாம் என்றார். காசு வாங்கிய குழுவினர் அந்த ஓய்வு நேரத்தில் புதிரைத் தொட்டது முன்னைவிடக் குறைந்துபோயிற்று. விளையாட்டாக இருந்தது வேலையாக மாறிவிட்டது!

உடற்பயிற்சிக்கும் இது பொருந்தும். “எடை குறைந்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்” என்றால், சைக்கிள் வந்த மறுநாள் ஓட்டம் நின்றுவிடக்கூடும். தண்டனை இன்னும் மோசம். வீட்டுப்பாடம் எழுதாதவனை மைதானத்தை ஐந்து முறை சுற்றி ஓடச் சொன்னால், ஓட்டம் என்பது குற்றவாளிகள் செய்வது என்றுதான் அவன் மனம் கற்றுக்கொள்ளும்.

நாமாகத் தேர்ந்தெடுத்தது, நம் திறமை கூடுவது தெரிவது, நம்மை எதிர்பார்க்கும் தோழர்கள் இருப்பது - இம்மூன்றும் அமைந்த செயலை மனிதர்கள் தொடர்ந்து செய்கின்றனர் என்று டெசியும் அவருடன் பணியாற்றிய ரிச்சர்ட் ரயானும் விளக்கினர். மாலைப் பந்தாட்டத்தில் இம்மூன்றும் இருக்கின்றன. அதிகாலைத் தனி ஓட்டத்தில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். மேலும் தனியே ஓடுகிறவனின் கவனம் தன் மூச்சிரைப்பின் மேலேயே இருக்கிறது. விளையாடுகிறவனின் கவனமோ பந்தின் மேல் இருக்கிறது. அதனால் அவனுக்குக் களைப்பு தாமதமாகவே உறைக்கிறது.

பரம்பரைகளின் இரகசியம்

இந்த இரகசியத்தை ஆய்வு எதுவும் இல்லாமலே அறிந்திருந்தது வடசென்னை. இங்குக் குத்துச்சண்டை பெரும் செல்வாக்குடன் விளங்கியது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று பயிற்சிக் கூட்டங்கள் இருந்தன. பெயர் பரம்பரையே தவிர, அது இரத்த உறவால் வருவதன்று. வாத்தியாரிடம் சேர்ந்து கற்றவர் எவரும் அந்தப் பரம்பரைதான். கண்ணப்பர் திடலில் போட்டி என்றால் கூட்டம் அலைமோதும். உலகப் புகழ்பெற்ற முகமது அலி 1980-இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். 2021-இல் வந்த திரைப்படம் ஒன்றால் சார்பட்டாவின் பெயர் இன்றைய மாணவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் ஒருவர் மறுபடியும் ஏன் வியர்க்க வேண்டும்? பரம்பரை அழைத்தது! தான் வராவிட்டால் “ஏன் வரவில்லை?” என்று கேட்க வாத்தியார் இருந்தார், எதிரே நின்று பழக ஓர் இணை இருந்தது, நேற்றுத் தவறிய குத்து இன்று சரியாக விழுந்தால் அப்போதே தெரிந்தது. டெசி கூறிய திறமையும் தோழமையும் இங்கே இருந்ததைப் பாருங்கள்.

குத்துச்சண்டையில் மூன்று நிமிடம் ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு என்பது வழக்கம். இதைத்தான் இடைவெளிப் பயிற்சி என்று இன்றைய உடலியல் கூறுகிறது. ஓய்வு இருப்பதால் மொத்தத்தில் அதிக நேரம் வேகமாக உழைக்க முடிகிறது. சடுகுடுவிலும் இதே அமைப்பு உண்டு. 1990 முதல் ஆசிய விளையாட்டுகளில் இடம்பெற்றுள்ள கபடியில் பாடிச் செல்பவர் 30 நொடிக்குள் திரும்பிவிட வேண்டும். கடும் உழைப்பு, சிறு ஓய்வு, மீண்டும் உழைப்பு.

ஓர் எச்சரிக்கை. தலையில் விழும் குத்து மூளையைக் கெடுக்கும். ஆகவே குத்துச்சண்டையின் கால்வேலை, கயிறு தாண்டுதல், எதிரி இருப்பதாக எண்ணிக் காற்றில் குத்துதல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் குத்து வாங்குவதை விட்டுவிடுங்கள்.

கேரம் பலகையை விரும்புகிறவர்கள் “எங்களை மறந்துவிட்டீர்களே!” என்று கேட்பது காதில் விழுகிறது. மறக்கவில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவர். கண்ணும் விரலும் கருத்தும் ஒன்றுபடும் அருமையான ஆட்டம் அது. ஆனால் நாடித் துடிப்பு அதில் ஏறுவதில்லை. எனவே கேரம் ஆடுகிறவர்களும் அந்த 60 நிமிடத்தை வேறு வழியில் ஈடுகட்டத்தான் வேண்டும்!

இடம் எங்கே? காற்று எப்படி?

“விளையாட நாங்கள் தயார். இடம் எங்கே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகச் சுவர்கள் அந்த ஓட்டத்தைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. தென்சென்னைச் சிறுவனுக்குக் கிடைத்த மணல்வெளி வடசென்னைச் சிறுவனுக்குக் கிடைக்காமல் போனதன் கதை இது. கற்சுவர்களுக்கு இடையில் எங்கேனும் மணல் திட்டு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். மணலில் ஓடக் கெட்டித் தரையைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு ஆற்றல் செலவாகிறது. கற்களின் மேல் மட்டும் ஓடியாட வேண்டாம், வழுக்கினால் ஆபத்து.

அடுத்தது காற்று. ஓய்வில் நாம் நிமிடத்திற்குச் சுமார் 6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். கடினமாக ஆடும்போது இது பத்து மடங்கு கூடும். நல்ல காற்றானால் பத்து மடங்கு நன்மை; புகையானால் பத்து மடங்கு புகை! பெட்டக லாரிகள் வரிசையாக நிற்கும் சாலை ஓரத்தில் ஓடுவதைவிட இரண்டு தெரு உள்ளே தள்ளி ஆடுவது மேல்.

நேரமும் முக்கியம். “அதிகாலைக் காற்றே தூய்மையானது” என்று பொதுவாகக் கூறுவர். தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் இது எப்போதும் உண்மையன்று. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. அதன் மேல் வெப்பமான காற்று ஒரு மூடிபோல் அமர்ந்துவிடுவதால் புகை மேலே எழ முடியாமல் தாழ்வாகவே தங்குகிறது. போகி நாள் அதிகாலையில் இதை நீங்களே கண்டிருப்பீர்கள். மேலும் இரவிலும் விடியலிலும் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசக்கூடும். மணலி திருவொற்றியூருக்கு மேற்கே இருப்பதால், அப்போது ஆலைப் புகை கரையை நோக்கி வரலாம். பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து புறப்படுகிறது. மாலையில் கரையோரத்துக்கு அது புதுக் காற்றைக் கொண்டுவருகிறது. எண்ணூரில் ஆலைகள் கரையிலேயே இருப்பதால் அங்குக் கணக்கு வேறு. எனவே உங்கள் தெருவுக்கு உரிய விடையை நீங்களேதான் கண்டறிய வேண்டும்.

செய்து பாருங்கள்

1. காற்றுக் குறிப்பு: மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு, மெல்லிய துணி நாடா ஒன்றைக் கட்டுங்கள். காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் நாடா எந்தத் திசையில் பறக்கிறது, புகையோ நெடியோ வருகிறதா என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். மணலி போன்ற இடங்களில் அரசின் காற்றுத் தர அளவீட்டு நிலையங்கள் உள்ளன. அவை தரும் குறியீட்டு எண் 100-க்குள் இருந்தால் திருப்தி; 200-ஐத் தாண்டினால் மோசம். மோசமான நாளில் ஆட்டத்தைக் குறையுங்கள், அல்லது வீட்டுக்குள் ஆடுங்கள்.

2. நாடிக் குறிப்பு: மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர் கீழே மற்றொரு கையின் இரண்டு விரல்களை வையுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். காலையில் படுக்கையை விட்டு எழும் முன் ஒரு முறை எண்ணுங்கள். பிறகு மூன்று நிமிடம் கயிறு தாண்டி, நிறுத்தியவுடன் ஒரு முறையும், ஒரு நிமிடம் கழித்து ஒரு முறையும் எண்ணுங்கள். கடைசி இரண்டு எண்களின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்தால், நாட்கள் செல்லச் செல்ல முதல் எண் இறங்குவதையும் வித்தியாசம் கூடுவதையும் பெரும்பாலும் காணலாம். கண்ணாடியில் தெரியாத முன்னேற்றம் காகிதத்தில் தெரியும்.

3. பேச்சுச் சோதனை: ஆடும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடின உழைப்பு. சாதாரணமாகப் பாட்டுப் பாட முடிகிறதா? இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும்!

4. பரம்பரை ஆட்டம்: நான்கு சுற்றுகள். முதல் சுற்று கயிறு தாண்டுதல். இரண்டாவது காற்றில் குத்துதல். மூன்றாவது பாண்டி ஆட்டத்தைப்போல் ஒற்றைக் காலில் மாறி மாறித் தாவுதல். நான்காவது ஓடிப் பிடித்தல். சுற்றுக்கு மூன்று நிமிடம், இடையே ஒரு நிமிடம் ஓய்வு. மொத்தம் 15 நிமிடம்தான். குறுகிய தெருவே போதும். கயிற்றின் நடுவில் நின்று இரு முனைகளையும் தூக்கினால் அக்குள் வரை வர வேண்டும். அதுவே உங்களுக்கு ஏற்ற நீளம். புதியவர்கள் சுற்றுக்கு ஒரு நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம்.

வெயில் நேரத்தை விலக்குங்கள். கடலோரத்தில் காற்றின் ஈரப்பதம் அதிகம். வியர்வை எளிதில் ஆவியாகாததால் உடல் சூடு தணிவது தாமதமாகும். இடையிடையே தண்ணீர் குடியுங்கள். ஆஸ்துமா அல்லது இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

பழக்கமாவது எப்போது?

“21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்” என்று ஒரு பேச்சு உண்டு. லண்டனில் 96 பேரை வைத்து நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு வேறு விடை தந்தது. புதிய செயல் ஒன்று தன்னியல்பாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. நண்பனுக்குச் சீக்கிரம் வந்தது உங்களுக்குத் தாமதமானால் கவலை வேண்டாம். அந்த ஆய்வு இன்னொன்றும் கூறியது: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஐந்தாம் நாள் படுத்துத் தூங்கிய நம் மாணவன் செய்த பிழை அன்று தூங்கியதன்று. ஆறாம் நாள் எழாததுதான்.

அவர்கள் கையாண்ட முறையும் எளியது. புதிய செயலை ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு முடிச்சுப் போட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்: பள்ளிவிட்டு வந்து பையை வைத்தவுடன் கயிற்றைக் கையில் எடுங்கள். ஐந்து நிமிடம் மட்டும் என்று தொடங்குங்கள். பெரும்பாலான நாட்களில் ஐந்து நிமிடத்தோடு நிறுத்த மனம் வராது.

கடைசியாக ஒன்று. போதிய இயக்கம் இல்லாத பெண்கள் நூற்றுக்கு 85 என்று முன்பு கண்டோம். பெண்களுக்கு விளையாட விருப்பமில்லை என்று இதற்குப் பொருளா? மாலையில் உங்கள் தெருவைப் பாருங்கள். பந்து யாரிடம் இருக்கிறது? தண்ணீர்க் குடம் யாரிடம் இருக்கிறது? தெரு எல்லோருக்கும் பொது. அண்ணன் குடத்தை வாங்கிக்கொண்டு தங்கையைக் களத்தில் சேர்த்துக்கொண்டால், ஆட்டத்துக்கு ஓர் ஆளும் கூடும். இரண்டு இதயங்களும் வலுப்பெறும்.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தேதியையும் நாளைக் காலை எழும் முன் உங்கள் நாடித் துடிப்பையும் எழுதுங்கள். பக்கத்திலேயே உங்களோடு ஆட வரும் நண்பர் இருவரின் பெயர்களை எழுதுங்கள். 66 நாட்கள் கழித்து அதே பக்கத்தில் மறுபடியும் நாடித் துடிப்பை எழுதி, இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் உங்கள் தெருவில் ஒரு புதிய பரம்பரையே தோன்றியிருக்கலாம்!